பின்கதவில் ஒரு கால்

"காலை எடுங்கோ தில்லை அண்ணை! எடுங்கோ எண்டெல்லே சொல்லுறன்!"

"உமக்கென்ன விசரே? பிள்ளை ஓடி வாறது கண் தெரியேல்லையோ?"

"தெரியுது. அதுதான் எடுக்கச் சொல்லுறன்! எடி நிலாணி, ஓடாதை! அங்கையே நில்லடி!"

"நீ ஓடி வா பிள்ளை! நான் மறிச்சு வைச்சிருக்கிறன்!"

மங்கையற்கரசி இருக்கையை விட்டுப் பாய்ந்து எழும்பி, பஸ்ஸின் பின்கதவுப் படியில் ஒற்றைக் காலோடு நின்ற தில்லையம்பலத்தாரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் கம்பியை விடவில்லை. கதவைவிட்டு விலகுங்கள் என்று றைவர் ஒலிபெருக்கியில் இரண்டாம் தரமும் சொல்லிவிட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த சீனக் கிழவர் காது கேட்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். கெட்டிக்காரன்.

வேறொரு நாளாக இருந்தால் இதை நான் நல்ல பொழுதுபோக்கு என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று முடியவில்லை. யன்னலோரத்தில், மங்கையற்கரசியின் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெபனி இருந்தாள். செலீனின் மகள். மங்கையற்கரசிக்கு மருமகளாக வர இருந்தவள். பஸ்ஸில் இருந்த எங்கள் சனம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது. அது தெரிந்தால் கலியாணம் நிற்கும் என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆர் எவர் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பஸ் மார்க்கம் றோட்டால் தெற்கே இறங்கி சப்வேக்குப் போவது. விடியப்புறம் அதில் ஏறுகிறவர்களில் பாதி எங்கள் ஆட்கள். கார் வைத்திருப்பவர்கள் எங்களைப் பார்த்து, ஐயோ பாவம், இந்தக் குளிருக்குள் என்பார்கள். அவர்கள் தனியே இருந்து றேடியோ கேட்டுக்கொண்டு போகிறவர்கள். ஆர் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமலே செத்துப் போவார்கள். எங்களுக்கு அந்தக் குறை இல்லை. பின்சில்லுக்கு மேலே உள்ள இருக்கையில் இருந்தால் ஹீற்றரில் கெண்டைக்கால் வேகும், முன்னால் இருந்தால் கதவு திறக்கத் திறக்க விறைக்கும், நடுவில் இருந்தால் எல்லாரின் கதையும் கேட்கும். நான் நடுவில் இருப்பவள்.

றைவர்மாருக்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஓடி வருபவர்களுக்காக நின்று ஏற்றிப்போகும் ஜமேக்காப் பெண்ணுக்கு மாதா. அது செலீன் வைத்த பெயர். தரிப்புக்குத் தரிப்பு, உள்ளே தள்ளி நில்லுங்கள் என்று பாடம் எடுக்கிற தலைப்பாகைக்காரருக்கு வாத்தியார். மூன்றாவது ஆள் நெட்டையன், மெலிந்தவன், சிரிக்க மாட்டான். கதவுக்கு முன்னால் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாலும், நேரமாகிவிட்டால் பேசாமல் எடுத்துக்கொண்டு போவான். அவன் சனீஸ்வரன். அது மங்கையற்கரசி வைத்தது.

பஸ்ஸைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வராவிட்டால் வராது, அது அதன் சுதந்திரம். வந்தால் திருவிழாவுக்குச் சாமிகள் வெளிக்கிட்டு வருவது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன்னால் வருவதில் சனம் பிதுங்கும். பின்னால் வருகிற சண்டேசுவரரில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்; வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டு வரும். ஆனாலும் எங்கள் சனம் பின்னால் வருவதில் ஏறாது. முதல் வந்ததை விட்டுவிட்டு அடுத்ததில் போவது என்றால் ஏதோ குடும்ப மானம் போன மாதிரி.

அதனால்தான் பின்கதவுப் பழக்கம். பின்கதவு மூடினால்தான் பஸ் நகரும். அந்தப் படியில் ஒரு கால் இருந்தால் எந்தச் சனீஸ்வரனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆராவது எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடி வருவது தெரிந்தால், கதவுக்குக் கிட்ட இருப்பவர் எழும்பி இறங்குவது மாதிரிக் காலை வைப்பார். மற்றவர்கள் யன்னலைத் தட்டி, ஓடி வா, ஓடி வா என்று கத்துவோம். ஏறினவர் மூச்சிரைக்க ஒரு தாங்ஸ் சொல்லுவார். காலை எடுத்தால் பஸ் போகும். இன்று நீ எனக்கு, நாளைக்கு நான் உனக்கு. சொந்தச் சகோதரங்கள் ஃபோன் எடுக்காத நகரத்தில், உனக்காக ஒருத்தி ஒரு முழு பஸ்ஸையும் பிடித்து வைத்திருக்கிறாள் என்றால் அது சும்மா விஷயமா?

மங்கையற்கரசிக்கும் செலீனுக்கும் ஒரே இடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்குத் துணி தோய்த்து மடித்துக் கொடுக்கும் இடம். மங்கையற்கரசி கோண்டாவில் சைவம். வெள்ளிக்கிழமையில் முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டாள். செலீன் கரம்பன் கத்தோலிக்கம். மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் செலீனும் மீன் கொண்டு வரமாட்டாள், பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவளுக்கு மணக்கக்கூடாது என்று. தவக்காலம் வந்தால் மங்கையற்கரசி அவளுக்கும் சேர்த்துக் கறி காய்ச்சிக்கொண்டு வருவாள். இப்படி ஒரு ஒற்றுமையை நான் புருசன் பெண்சாதிக்குள்ளேயே கண்டதில்லை.

மங்கையற்கரசி முதலில் ஏறுபவள். பின்கதவுக்குப் பக்கத்து இரட்டை இருக்கையில் தான் இருந்துகொண்டு, மற்றதில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். நிற்கிற சனம் அந்தப் பையைப் பார்த்து முறைக்கும். அவள் யன்னலுக்கு வெளியே பார்ப்பாள். எல்ஸ்மியர் சந்திக்குக் கொஞ்சம் முந்திச் செலீன் ஏறுவாள். அவளுடைய மாடிக்கட்டடம் றோட்டுக்கு அந்தப் பக்கம்; சிக்னலில் கடந்து வர வேண்டும்.

பிறகு ஒரு நாள், மங்கையற்கரசியின் மகன் ஜெனோசனும் செலீனின் மகள் ஸ்டெபனியும் ஒருவரை ஒருவர் விரும்புவதாகத் தாய்மாருக்குச் சொன்னார்கள். வேறு குடும்பங்கள் என்றால் சைவம் வேதம் என்று, சிவனா யேசுவா என்று பெரிய சண்டை நடந்திருக்கும். இங்கே எல்லாம் பஸ்ஸிலேயே பேசி முடிந்தது. எல்ஸ்மியரில் தேவாலயத்துக்கு ஓம் என்றார்கள். லோறன்ஸ் வருவதற்குள் தாலியில் சைவப் பிள்ளையாரா வேதப் புறாவா என்று இழுபட்டார்கள். எக்லின்ரனில் சமாதானம். தில்லையம்பலத்தார் நகர நடுவில் ஒரு கட்டடத்தில் செக்கியூரிற்றி வேலை செய்பவர். எதிலும் தீர்ப்புச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு சமிக்காது. "ரெண்டையும் போட்டு ஒரு தாலி அடியுங்கோவன். புறா பிள்ளையாரைக் கொத்தவே போகுது?" என்றார். அதுவே முடிவாகியது. மாப்பிள்ளை பொம்பிளையிடம் ஆரும் கேட்டார்களோ தெரியாது, பஸ்ஸிடம் கேட்டார்கள்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. இருட்டு இன்னும் விலகவில்லை. பெய்த பனி உருகி, உப்போடு சேர்ந்து கறுத்த சேறாக றோட்டில் கிடந்தது. பஸ் வெகுநேரம் வராமல் கிடந்து, ஒரு வழியாகச் சனம் பிதுங்கிக்கொண்டு வந்தது. சனீஸ்வரன்தான் ஓட்டினான். மங்கையற்கரசி எப்படியோ பையை வைத்து இருக்கையைப் பிடித்துவிட்டாள். முதல்நாள் இரவுதான் யாழ்ப்பாணத்துக் கடையிலிருந்து கூறைச்சீலைப் படங்கள் அவளுடைய ஃபோனுக்கு வந்திருந்தன. எனக்குக் காட்டவில்லை. "முதல் சம்மந்தி பாக்கட்டும் யோகமலர்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சரியான கோபம்.

செலீனுடைய தரிப்பில் பஸ் நின்றது. ஆட்கள் ஏறினார்கள். அந்தப் பக்கக் கரையில், கடக்காதே என்று சிவப்புக் கை எரிந்துகொண்டிருந்த சிக்னலடியில் செலீன் நின்றாள். மங்கையற்கரசி எழும்பிப் பின்கதவில் காலை வைத்தாள்.

சனீஸ்வரன் ஒலிபெருக்கியில் சொன்னான். பிறகும் சொன்னான். நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஒருவன் எங்களுக்கு விளங்காது என்று நினைத்து நல்ல ஒரு தூசணம் சொன்னான். மங்கையற்கரசி தலையை வெளியே நீட்டினாள்.

"ஓடியாங்கோ செலீன்! உவன் விட்டிட்டுப் போகப்போறான்! கெதியா ஓடியாங்கோ!"

செலீன் சிக்னலைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். ஒரு குருசு போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. தண்ணீர்க் கான் ஒன்று கைதவறி விழுந்தது மாதிரி. அவளை அடித்த வான் கொஞ்சத் தூரம் போய்த்தான் நின்றது. செலீனுடைய சாப்பாட்டுப் பெட்டி திறந்து, புட்டும் கத்தரிக்காய்க் கறியும் சேற்றில் கிடந்தன. வெள்ளிக்கிழமை என்றபடியால் மீன் இல்லை.

முதலில் இறங்கி ஓடியது சனீஸ்வரன். தன்னுடைய கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டுவிட்டு, அந்தச் சேற்றுக்குள் முழங்காலில் இருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தன்னுடைய பாஷையில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தான். அம்புலன்ஸ் வரும்வரை எழும்பவில்லை. மங்கையற்கரசி பின்கதவிலேயே நின்றாள். கால் படியில் இருந்தபடியால் கதவு மூட முடியாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருந்தது. எடு என்று ஆரும் அவளுக்குச் சொல்லவில்லை.

எங்களுக்குப் பின்னால், வெளிச்சம் எரிய, ஒருவரும் இல்லாமல் அடுத்த பஸ் வந்து நின்றதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

எங்கள் செத்தவீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வருகிற ஒவ்வொருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பிடி நடந்தது?" என்று கேட்க வேண்டும். ஆராவது ஒருவர் முதலில் இருந்து சொல்ல வேண்டும். செலீனுடைய புருசன் நீக்கிலாசுக்குப் பேச்சே வரவில்லை. ஸ்டெபனி சவப்பெட்டியடியில் இருந்து அசையவில்லை. சம்பந்தி, கூட வேலை செய்தவள், பார்த்த சாட்சி என்று எல்லாமாக மங்கையற்கரசிதான் சொல்ல வேண்டி வந்தது.

முதல் ஆளுக்கு அழுதுகொண்டு, "ஓடி வந்தவ பிள்ளை, ஓடி வந்தவ" என்று மட்டும் சொன்னாள். இரண்டாம் ஆள், ஏன் ஓடினவ என்று கேட்டது. அங்கேதான் பிழை தொடங்கியது.

"சிவப்பைப் பச்சை எண்டு நினைச்சிட்டா போலை."

அடுத்த நாள் பார்வைக்கு வந்தவர்களுக்குக் கதை இன்னும் வடிவாக வளர்ந்திருந்தது. "பாவம், கண்ணும் அவ்வளவு தெளிவில்லை. இருட்டிலை லைற் தெரியேல்லை." நான் பின்வரிசையில் இருந்து கேட்டேன். பஸ் ஆட்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் தில்லையம்பலத்தார் தீர்ப்புச் சொன்னார்: "போனவ போயிட்டா. இருக்கிற பிள்ளையள் ரெண்டும் வாழ வேணும். கால் கதை ஒருத்தரும் கதைக்கப்படாது." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு வாயை மூடி வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூடித்தான் வைத்திருந்தேன்.

நீக்கிலாஸ் அந்தக் கண் கதையைப் பிடித்துக்கொண்டார். மனிசனுக்குப் பிடிக்க ஏதோ ஒன்று வேண்டும்தானே. பெட்டியைப் பார்த்து, "கண்ணாடியை மாத்தி எடு, மாத்தி எடு எண்டு சொன்னனானெல்லே செலீன், கேட்டியே?" என்று பேசத் தொடங்கினார். நடுச் செத்தவீட்டில், செத்த பெண்சாதியோடு சண்டை.

அந்தக் கண்ணாடியைச் செய்து கொடுத்தது ஸ்டெபனி. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். ஐப்பசி மாதம் தாயைத் தானே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைச் சோதிப்பித்து, ஃபிறேம் தெரிவு செய்து, பொருத்திப் போட்டு விட்டவள். தகப்பன் பெட்டியோடு பேசப் பேச அவளுடைய முகம் போன போக்கை நான் பார்த்தேன். மங்கையற்கரசியும் பார்த்தாள். அந்த நேரம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மங்கையற்கரசி கெட்டவள் இல்லை. விபத்து நடந்த அன்றைக்கே மகனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். "பேசாமல் இருங்கோ அம்மா. இப்ப சொல்லி என்ன வரப்போகுது?" என்றிருக்கிறான் ஜெனோசன். இதை எனக்குச் சொன்னது அவளுடைய புருசன் ஜெயரட்ணம். அவர் வருசத்தில் ஒருக்கால்தான் வாய் திறப்பவர். அதை என்னிடம் திறந்தார்.

முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்தது. கலியாணத்தைக் கோடையில் ஆரவாரம் இல்லாமல் வைக்கலாம் என்று பெரியவர்கள் பேசினார்கள். மங்கையற்கரசி திரும்ப வேலைக்கு வந்தாள். பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்தாள். எல்ஸ்மியர் போனது, லோறன்ஸ் போனது, பையை எடுக்கவில்லை. பஸ்ஸில் நிற்க இடமில்லை; ஆனாலும் எங்களில் ஒருவரும் அதில் இருக்கக் கேட்கவில்லை. வேற்றாள் ஒருவன் கேட்டபோது தில்லையம்பலத்தார் எழும்பித் தன் இருக்கையைக் கொடுத்தார். பின்கதவில் மட்டும் ஆரும் கால் வைக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு.

மாசி முடிகிற நேரம். செலீனுடைய தரிப்பில் பஸ் நிற்க, எதிர்க்கரையில் சிக்னலடியில் ஸ்டெபனி நிற்பதைக் கண்டோம். சிக்னலில் நடக்கச் சொல்லும் வெள்ளை மனித உரு எரியும்வரை நின்று, எரிந்த பிறகும் இரண்டு பக்கமும் பார்த்து, மெல்ல நடந்து வந்தாள். வாத்தியார் ஓட்டினார், நின்று ஏற்றினார். காரில் திரிகிற பிள்ளை. பஸ் கார்ட்டை எங்கே தட்டுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு நேரே பின்னுக்கு வந்து மங்கையற்கரசிக்கு முன்னால் நின்றாள். மங்கையற்கரசி பையை எடுக்கப் போனாள். ஸ்டெபனியே அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

நான் ஒரு வரிசை பின்னுக்கு. பார்க்காதது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்ரி, நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முதல் அங்க வந்து நிக்கிறனான்" என்றாள். "அம்மா நிண்ட இடத்தில. இருட்டுக்குள்ளயும் லைற் வடிவாத் தெரியுது. அம்மான்ர கண்ணாடியைத் திருப்பித் திருப்பி மெசினில வைச்சுப் பாத்திட்டன். பவர் சரி. எல்லாம் சரி. ஐ டோன்ற் கெற் இற்."

"அதை இப்ப யோசிக்காதை பிள்ளை."

"பின்னால இன்னொரு பஸ் ஒருத்தருமில்லாமல் எம்ப்ரியா நிண்டதாமே? பொலிஸ் சொன்னவை. பிறகேன் அம்மா ஓடினவ? அவ றெட்டில கடக்கவே மாட்டா. நான் கடந்தா என்னையே பேசுவா."

"விதி பிள்ளை" என்றாள் மங்கையற்கரசி. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

லோறன்ஸ் வந்தது. எதிர்ப்பக்கத்தில் நிலாணி. கல்லூரியில் படிக்கிற பெட்டை. ஒரு நாளாவது நேரத்துக்கு வந்ததில்லை. தோளில் பையும், ஒரு கையில் கோப்பியுமாக, சிவப்பு எரிய எரியக் கரையை விட்டு இறங்கிவிட்டாள். பழக்கம் ஆரை விட்டது? தில்லையம்பலத்தார் படியில் காலை வைத்துக் கம்பியைப் பிடித்தார். இரண்டு மூன்று பேர் யன்னலைத் தட்டினார்கள். ஓடி வா, ஓடி வா.

மங்கையற்கரசி கத்தினாள். அந்தச் சண்டையைத்தான் முதலில் சொன்னேன்.

நிலாணி நடு றோட்டில் நின்றுவிட்டாள். ஒரு பக்கம் ஓடி வா, மற்றப் பக்கம் ஓடாதை. எந்தப் பிள்ளைதான் என்ன செய்யும்? ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போனது. கோப்பி கையை விட்டுப் போய்விட்டது. பின்னுக்குப் பாய்ந்து கரையில் ஏறி, அங்கேயே குந்தி இருந்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பஸ்ஸுக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"பாத்தனீங்களே? பாத்தனீங்களே?" மங்கையற்கரசி தில்லையம்பலத்தாரின் நெஞ்சில் குத்தினாள். "கொல்லப் பாத்தனீங்களே அந்தப் பிள்ளையை!"

மனிதருக்கு நாலு பேருக்கு முன்னால் மானம் போய்விட்டது. அவர் தன் தீர்ப்பை மறந்தார், ஸ்டெபனியை மறந்தார்.

"நானோ? நான் கொல்லப் பாத்தனானோ? அண்டைக்கு இதே கதவிலை நீர் காலை வைச்சுக்கொண்டு செலீனை ஓடியா ஓடியா எண்டு கத்தேக்கை, நான் உம்மட கோட்டைப் பிடிச்சு இழுத்தனானோ? சொல்லும்!"

அடுத்த தரிப்பின் பெயரைச் சொல்லும் அந்தப் பெண்குரல், எதுவும் நடக்காத மாதிரி, தெளிவாகச் சொன்னது. தில்லையம்பலத்தார் காலை எடுத்தார். கதவு மூடியது. பஸ் நகர்ந்தது.

"அன்ரி?" என்றாள் ஸ்டெபனி.

மங்கையற்கரசி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களோ கூப்பிட்டனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"ஓடி வரச் சொல்லி?"

"ஓம்."

"அப்ப கண்ணாடி?"

ஸ்டெபனி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். நாங்களும் கூட அழுது, ஆளை ஆள் பிடித்து, ஏதோ ஒரு மாதிரிச் சமாளித்திருப்போம். அவள் மெல்லத்தான் கதைத்தாள்.

"கால் வைச்சதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை அன்ரி. எல்லாரும்தானே வைக்கிறியள். அம்மாவும் உங்களுக்கு வைச்சிருப்பா. அப்பா இன்னும் ஒவ்வொரு நாளும் அம்மாவைப் பேசிறார். படத்துக்கு முன்னால நிண்டு. நான் பிழையான லென்ஸ் போட்டிட்டன் எண்டு நினைச்சு நினைச்சு… நீங்கள் எங்கட வீட்டை வந்து, எனக்குக் கையால சோறு தீத்தி விட்டனீங்கள். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்."

"பயந்திட்டன் பிள்ளை. நீ வராமல் விட்டிடுவாய் எண்டு பயந்திட்டன்."

"ஜெனோசனுக்குத் தெரியுமோ?"

மங்கையற்கரசி இவ்வளவு நாளும் பொய் சொன்னவள். அந்த ஒரு பொய்யையும் சொல்லியிருக்கலாம். யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அதுவே போதும்.

ஸ்டெபனி எழும்பி, மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைத் தான் இருந்த இருக்கையில், தாய்க்கு வைக்கிற அதே இடத்தில், கவனமாக வைத்தாள். பின்கதவடியில் போய் நின்றாள். ஆரோ பெல்லை அடித்தார்கள். பஸ் நின்றது, கதவுக்கு மேலே பச்சை வெளிச்சம் எரிந்தது, கதவு திறக்கவில்லை. கார்க்காரப் பிள்ளைக்கு அது தெரியாது. திறக்கும் என்று பார்த்துக்கொண்டு, கண்ணால் தண்ணி ஓட ஓட நின்றாள்.

"தள்ளு பிள்ளை" என்றாள் மங்கையற்கரசி. "உந்த மஞ்சள் கம்பியைத் தள்ளோணும். உது தானாத் திறக்காது."

அவள் தள்ளினாள். இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கலியாணம் நின்றது. அதற்குக் காரணமாக ஊருக்குச் சொல்லப்பட்ட கதைகள் பல. சைவம் வேதம் பிரச்சினை என்றுதான் கூடுதலான ஆட்கள் நம்புகிறார்கள். தாலியில் இருந்த புறாதான் கொத்திவிட்டது என்று ஒரு பகிடியும் உலாவியது. தொடக்கியது ஆர் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஜெனோசன் ஸ்டெபனியின் வேலைத்தளத்துக்கும் வீட்டுக்குமாகப் பங்குனி முழுக்க நடந்தான். அவள் கதவைத் திறந்து, "உன்ர அம்மாவை நீ காப்பாத்தினாய், ஓகே. ஆனா என்னை?" என்று ஒரு தரம் கேட்டாளாம். பிறகு திறக்கவில்லை. அவன் இப்போது கல்கரியில். இன்னும் தனியாகத்தான் இருக்கிறான். அங்கே குளிர் இதைவிட மோசமாம்.

ஸ்டெபனி அடுத்த வருசம் மாக்கஸ் என்ற மன்னார்ப் பெடியனைக் கலியாணம் முடித்தாள். அவனுக்கு லொறி வேலை, பிறம்ரனில் வீடு. நீக்கிலாசையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் பெண்சாதியின் படத்தைப் பேசுவதை நிறுத்திவிட்டாராம். வேறு ஒன்றும் பேசுவதில்லையாம். மங்கையற்கரசிக்குக் கலியாண அழைப்பு வரவில்லை. எனக்கு வந்தது. போனேன். சாப்பாடு பரவாயில்லை.

தில்லையம்பலத்தார் வேலையை விட்டுவிட்டார். இப்போது மருமகனின் காரில் முன்னுக்கு இருந்து போவதைக் கண்டால், என்னைக் காணாத மாதிரித் தலையைத் திருப்புகிறார். நிலாணி வாட்டர்லூவுக்குப் படிக்கப் போய், அங்கேயே ஒருத்தனைப் பார்த்து நின்றுவிட்டாள். சனீஸ்வரன் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் றோட்டில் ஓட்டவில்லை.

மங்கையற்கரசி வேலையை விட்டு, தங்கச்சி வீட்டோடு றிச்மண்ட் ஹில்லுக்குப் போய்விட்டாள். கோயில் கிட்ட. ஆனால் நடந்து போகிற தூரம் இல்லை. ஆராவது காரில் கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. ஆட்களுக்கு நேரம் இருக்கிற நாளில் கோயில், மற்ற நாளில் கராஜ் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எனக்கு ஃபோன் எடுத்தால், கால் நோகிற கதை, கை நோகிற கதை எல்லாம் கதைத்துவிட்டு, கடைசியில், "இப்ப அந்த சீற்றிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்பாள். ஆரோ ஒரு பிலிப்பினோப் பெட்டை என்று சொல்லுவேன். நல்ல பிள்ளையோ என்பாள். ஓம் என்பேன்.

செலீனுடைய கட்டடத்துக்கு ஊரில் இருந்து புதிதாக ஒரு இளம் சோடி வந்தது. அந்தப் பெட்டையும் எங்கள் பஸ்தான். விடியப்புறம் எதிர்க்கரையில் நின்று, எங்களுக்குக் கையைக் காட்டுவாள், மறியுங்கோ என்று. பின்கதவில் ஆரும் கால் வைப்பதில்லை. நான் யன்னலுக்குள்ளே இருந்து, ஆறுதலாக வா, அடுத்தது பின்னால் வருகிறது என்று கையால் காட்டுவேன். அவளுக்கு அது டாட்டா காட்டுவது மாதிரித் தெரியும்போலிருக்கிறது. பஸ் எடுக்கும்போது அவளுடைய வாய் அசைவதைப் பார்த்தால் என்ன சொல்லுகிறாள் என்று விளங்கும்; அவ்வளவு நல்ல தமிழ்.

அவளும் சித்திரையோடு பார்க்டேலுக்கு வீடு மாறிப் போய்விட்டாள். இந்தப் பக்கத்துத் தமிழ்ச்சனம் ஈவிரக்கம் இல்லாத சனம் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.